சனிக்கிழமைக் கணக்கு



2007-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது தமிழில் ‘மின்சாரப்பூ’ என்ற சிறுகதைத் தொகுப்புக்குக் கிடைத்தது. எழுதியவர் மேலாண்மை பொன்னுச்சாமி, நம் வெம்பக்கோட்டை ஒன்றியத்து மேலாண்மறைநாட்டுக்காரர். படிப்பு ஐந்தாம் வகுப்பு. பிழைப்பு, ஊரில் ஒரு சின்னப் பலசரக்குக் கடை. 1951-இல் பிறந்து 2017 அக்டோபரில் மறைந்த அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், செம்மலர் இதழைப் பற்றிப் பேசுகிறார்கள், கரிசல் இலக்கியத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். கடையைப் பற்றி மட்டும் ‘கடை நடத்திவந்தார்’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். இன்றைய பேச்சு அந்த ஒரு வரிக்கு உரை எழுதும் முயற்சி.

கடைப்பலகையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிகிற அளவுக்கு ஊரைப் பற்றி வேறு யாருக்கும் தெரியாது. நிலக் கணக்கு வி.ஏ.ஓ.வுக்குத் தெரியும். பிள்ளைகளின் சங்கதி வாத்தியாருக்குத் தெரியும். ஆனால் ஒரு வீட்டு அடுப்பில் இன்றைக்கு என்ன ஏறுகிறது என்பது கடைக்காரருக்குத்தான் தெரியும். ஒரு வீட்டுக்கு ரஸ்க்கும் ஜவ்வரிசியும் போனால் அங்கே காய்ச்சல். சீனியும் காப்பித்தூளும் வழக்கத்துக்கு மேல் போனால் விருந்தாடி வந்திருக்கிறார்கள். உளுந்து, கருப்பட்டி, நல்லெண்ணெய் மூன்றும் ஒரே நாளில் ஒரே வீட்டுக்குப் போனால் அந்த வீட்டுப் பெண் பெரியவளாகிவிட்டாள். களி கிண்டப் போகிறார்கள். தாய்மாமனுக்குச் சொல்லியனுப்புவதற்கு முன்பே கடைக்குச் சேதி வந்துவிடும். வாரக்கணக்கில் வெறும் மிளகாய் வத்தலும் புளியும் உப்பும் மட்டுமே போகிற வீட்டைப் பற்றியும் கடைக்காரருக்குத் தெரியும். அதைப் பற்றி அவர் வாய் திறப்பதில்லை. கதை எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல ஆசனம் கிடைக்காது.

வயிறு தினமும் கேட்கிறது, காசு தினமும் வருவதில்லை. இந்த இடைவெளியைத் தாங்குவதுதான் கிராமத்துக் கடையின் முதல் வேலை. சரக்கு விற்பது அதற்கு அடுத்ததுதான். கடை நிலைக்குமா, நொடிக்குமா என்பது கடைக்காரர் எவ்வளவு சரக்கு வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்ததில்லை. எந்த வீட்டுக்கு எந்த நாளில் காசு வரும் என்பது அவருக்குத் தெரியுமா என்பதைப் பொறுத்தது. வெம்பக்கோட்டை வட்டாரத்துக் கடைகளின் கதையை இந்தக் ‘காசு வரும் நாள்’ மாறிய கதையாகவே சொல்லிவிடலாம்.

முதலில் அந்த நாள் வருடத்துக்கு ஒருமுறைதான் வந்தது. இது மானாவாரிக் கரிசல். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி விதைத்தால், தை தொடங்கிப் பங்குனி வரை கம்பும் சோளமும் மல்லியும் மிளகாயும் வீடு வரும். பருத்தி அதற்குப் பிறகும் வெடித்துக்கொண்டிருக்கும். ஆடி, ஆவணி, புரட்டாசியில் சம்சாரி கையில் எதுவும் இருக்காது. விதைக்கும் உழவுக்கும் வேண்டியதை எடுத்துவைத்த பிறகு மிச்சம் என்று சொல்ல ஒன்றும் தேறாது. அந்த மாதங்களில் உப்பும் புளியும் சீமெண்ணெயும் கடையிலிருந்து பற்றில் போகும். களம் அடித்ததும் கடைக்காரர் சாக்கோடு வந்து நிற்பார். ரொக்கமாகக் கொடுத்தவர்கள் குறைவு. தானியமாகவோ வத்தலாகவோ பருத்தியாகவோ கொடுத்துக் கழித்தவர்களே அதிகம். இந்தக் காரணத்தாலேயே பலசரக்குக் கடைக்காரர் தானிய வியாபாரியாகவும் பருத்தி வியாபாரியாகவும் ஆனார். பருத்திக்காட்டிலிருந்து வரும் பெண்கள் மடியில் கொஞ்சம் பருத்தியோடு நேரே கடைக்கு வருவார்கள், தேங்காயெண்ணெயோ வெற்றிலை பாக்கோ வாங்கிக்கொண்டு போவார்கள். பிள்ளைகளும் அதே வேலையைச் செய்தார்கள், சேவுக்காகவும் மிட்டாய்க்காகவும். வேப்பமுத்து பொறுக்கிக் கொண்டுவந்து பொரிகடலை வாங்கித் தின்ற தலைமுறையைச் சேர்ந்தவர்கள் இந்த அவையிலும் இருப்பார்கள்.

இந்த ஏற்பாடு நமக்கு மட்டும் உரியது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பருத்தி விளைந்த இடங்களில் எல்லாம் இது இருந்திருக்கிறது. அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் நடந்தபோது அங்கிருந்து இங்கிலாந்துக்குப் பருத்தி வருவது நின்றது. இந்தியப் பருத்திக்கு விலை ஏறியது. அந்தச் சூடு அன்றைக்குத் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்த நம் கரிசல் காடு வரைக்கும் வந்தது. போர் முடிந்ததும் விலை விழுந்தது. அதே போருக்குப் பின்னால் அமெரிக்கத் தெற்கு மாகாணங்களில் கிராமத்துக் கடைக்காரர்கள் விளையப்போகிற பருத்தியைச் சட்டப்படி ஈடாக எழுதி வாங்கிக்கொண்டு மக்காச்சோள மாவும் பன்றிக்கறியும் கடன் கொடுத்தார்கள். அங்கே ரொக்கத்துக்கு ஒரு விலை, கடனுக்கு ஒரு விலை. கடன் அடைகிறவரை வேறு பயிர் வைக்க முடியாது, வேறு கடைக்குப் போகவும் முடியாது. விடுதலை பெற்ற கறுப்பின உழவர்கள் பலர் இப்படித்தான் மறுபடி நிலத்தோடு கட்டப்பட்டார்கள். நம் ஊரில் எழுத்து ஈடு இல்லை, வாய்வார்த்தைதான். ஆனாலும் களத்துமேட்டில் சாக்கோடு நிற்கிறவர் சொன்ன விலைதான் விலை. இந்த விஷயத்தில் கரிசல் சம்சாரிக்கும் அந்த உழவருக்கும் பெரிய வித்தியாசம் இருந்ததாகச் சொல்ல முடியாது.

கடைக்காரர் வாங்கிய சரக்கு எங்கே போனது, விற்ற சரக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் இரண்டுக்கும் ஒரே விடை, விருதுநகர். பழைய பெயர் விருதுபட்டி. 1923-இல் விருதுநகர் ஆனது. அந்த ஊரில் பெரிதாக விளைகிற பொருள் ஒன்றுமில்லை. துவரையும் உளுந்தும் வேறெங்கோ விளையும், விலை விருதுநகரில் நிற்கும். ‘விருதுநகர் மார்க்கெட் நிலவரம்’ என்று பத்திரிகையில் வரும் பட்டியலைப் பார்க்காமல் தென்மாவட்டத்துக் கடைக்காரர் பருப்புக்கு விலை சொன்னதில்லை. ஊரின் பெயரே எண்ணெய்க்கும் பருப்புக்கும் வத்தலுக்கும் முத்திரையாகிவிட்டது.

இந்த வணிகம் எழுந்த வழியை ராபர்ட் ஹார்டுகிரேவ் 1969-இல் வெளிவந்த நாடார்களைப் பற்றிய தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். மாட்டுவண்டிகளில் உப்பும் கருப்பட்டியும் கருவாடும் ஏற்றித் தெற்கிலிருந்து வந்த நாடார் வியாபாரிகள், வழியில் வண்டியையும் சரக்கையும் காக்க மதில் கட்டிய பேட்டைகளை அமைத்தார்கள். பேட்டையைச் சுற்றி ஊர் வளர்ந்தது. சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி என்று ஆறு ஊர். வியாபாரத்தில் ஒவ்வொரு மூட்டைக்கும் இவ்வளவு என்று பொதுநிதிக்குப் பிடித்துவைத்த காசுதான் மகமை. கோயிலும் கிணறும் பள்ளிக்கூடமும் அந்த நிதியிலிருந்து எழுந்தன. விருதுநகரில் 1889-இல் தொடங்கிய ஷத்திரிய வித்தியாசாலையில்தான் காமராஜர் படித்தார். தகப்பனார் இறந்து படிப்பு நின்றபிறகு அவர் போய் உட்கார்ந்தது தாய்மாமன் கருப்பையாவின் ஜவுளிக்கடையில்.  1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி வந்தது. இன்றைக்குத் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. மூட்டைக்கு இவ்வளவு என்று பிடித்த பழக்கம் வங்கி வரைக்கும் போனது. இந்த ஏற்றத்தைப் பொறுக்காதவர்களும் இருந்தார்கள். 1899-இல் நாடார்கள் மீது நடந்த சிவகாசிக் கொள்ளை அதன் கொடிய பக்கம். பூமணியின் ‘அஞ்ஞாடி’ நாவலைப் படித்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

கிராமத்துக் கடைக்காரர் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. ஊருக்கு அவர் முதலாளி, விருதுநகர் மண்டிக்கு அவர் கடன்காரர். மண்டியில் தவணை பதினைந்து நாள் என்றால் ஊரில் அவர் கொடுத்த தவணை ஆறு மாதம். இடையில் மழை பொய்த்தால் நொடிப்பது அவர்தான். நொடித்த கடைகளைப் பற்றி யாரும் எழுதவில்லை, வளர்ந்த கடைகளுக்குத்தான் வரலாறு எழுதுகிறார்கள். எந்த ஊரிலும் விசாரித்துப் பார்க்கலாம்: ‘முன்னால இங்க ஒரு கடை இருந்துச்சு’ என்ற பேச்சு வராமல் போகாது.

காசு வரும் நாளை மாற்றியது தீக்குச்சி. 1922-இல் சிவகாசியிலிருந்து பி.அய்ய நாடாரும் ஏ.சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். அடுத்த ஆண்டே இங்கே தீப்பெட்டி ஆபீஸ் வந்தது. 1940-க்குப் பிறகு பட்டாசும் வளர்ந்தது. காலப்போக்கில் சிவகாசிக்குத் தெற்கே வெம்பக்கோட்டை, விஜயகரிசல்குளம், ஏழாயிரம்பண்ணை என்று பயர் ஆபீஸ்கள் கரிசல் காட்டுக்குள் பரவின. கரிசல் மக்கள் வாயில் ஆலை என்ற சொல் வராது, எல்லாம் ‘ஆபீஸ்’தான். ஆபீஸில் சம்பளம் வாரத்துக்கு ஒருமுறை, சனிக்கிழமை.

பொருளாதார நூல்களில் இந்த மாற்றத்துக்குப் பெரிய பெரிய பெயர்கள் இருக்கக்கூடும். கடையில் நடந்தது எளிமையானது. ஆறுமாதப் பற்று ஆறுநாள் பற்றாகச் சுருங்கியது. சம்சாரியின் பெயரில் இருந்த கணக்கு வீட்டுப் பெண்ணின் பெயருக்கு மாறியது. குச்சி அடுக்கியதும் பெட்டி ஒட்டியதும் திரி வெட்டியதும் பெரும்பாலும் பெண்கள்தானே! களத்துமேட்டில் சாக்கோடு நின்ற கடைக்காரர் சனிக்கிழமை சாயங்காலம் கடையைவிட்டு நகராமல் உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. ஆபீஸ் வேன் ஊருக்குள் நுழைந்து திரும்பும் நேரம் அவருக்கு அத்துபடி.

“அண்ணாச்சி, போன வாரப் பாக்கி சேத்து எவ்வளவு நிக்கி?”

“முந்நூத்தி நாப்பது, மதினி. பாப்பா நேத்துச் சாயங்காலம் ஒரு சோப்பு வாங்கிட்டுப் போச்சு, அதையும் சேத்துத்தான்.”

“முந்நூறு வச்சுக்கோங்க. இந்த வாரம் ரெண்டு நாள் வேலை இல்லல்லா.”

இந்த உரையாடல் ஒவ்வொரு சனிக்கிழமையும் நூறு கடைகளில் நடக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது பாக்கி நாற்பது. அந்த நாற்பது ஒருநாளும் முழுதாகத் தீராது, தீர்ந்துவிடவும் கூடாது. முழுக் கணக்கையும் தீர்த்துவிட்டு ஒருவர் போனால் கடைக்காரருக்குச் சந்தோஷத்தைவிடக் கலக்கம்தான் அதிகம். அந்த வீடு வேறு கடைக்கு மாறப்போகிறது, இல்லை வேறு ஊருக்கே போகப்போகிறது.

அந்தப் பற்று நோட்டைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்க்கலாம். நீளவாக்கில் பைண்டு செய்த நோட்டு, அட்டையில் மஞ்சள் தடவிய அடையாளம், முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழியும் ‘லாபம்’ என்ற சொல்லும். உள்ளே பெயர்கள் ரேஷன் கார்டில் உள்ளபடி இருக்காது. கிணற்றுவீடு, மேலத்தெரு மூன்றாவது மருமகள், பால்காரர் மகன், வடக்கத்தி டிரைவர் என்றுதான் இருக்கும். அதைப் படித்து ஆளைச் சொல்ல அந்த ஊர்க்காரராக இருக்க வேண்டும். சரக்கும் சுருக்கெழுத்தில்தான்: ‘து.ப. 100, நல்.எ. 50, சீனி கால், பீடி 1’. தொகை அடைந்தால் குறுக்காக ஒரே கோடு. வாங்குகிறவர் கையிலும் ஒரு சின்ன நோட்டு இருக்கும். அதிலும் கடைக்காரரே எழுதிக் கொடுப்பார். எழுதப் படிக்கத் தெரியாத வீடுகளில் அந்தச் சின்ன நோட்டைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாசித்துக் காட்டும். இந்த வட்டாரத்தில் பல பிள்ளைகள் கூட்டல் கற்றது இந்த நோட்டில்தான் என்று சொன்னால் மிகையாகாது.

நோட்டு கடைக்காரர் கையெழுத்தில் இருந்தாலும் பாதி ஞாபகம் கடைக்காரர் மனைவியுடையது. பெரும்பாலான கிராமத்துக் கடை வீட்டின் முன்னறைதான். கடைக்காரர் விடிகாலை பஸ் பிடித்துச் சிவகாசிக்கோ சாத்தூருக்கோ சரக்கெடுக்கப் போனால், அடுப்பையும் கடையையும் ஒரே ஆள் பார்க்க வேண்டும். எந்த வீட்டுப் பற்று ஏறிக்கொண்டே போகிறது, எந்த வீட்டுக்காரர் குடித்துவிட்டுச் சம்பளத்தைக் கரைக்கிறார், யாருக்குக் கொடுத்தால் வரும், யாருக்குக் கேட்காமலே கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் மனைவியின் தீர்ப்பு. கடைக்குப் பெயர்ப்பலகை எழுதும்போது மட்டும் மகன் பெயரோ குலசாமி பெயரோதான் வரும்.

இவ்வளவு சொன்னதால் கடைக்காரரைத் தர்மதுரை ஆக்கிவிட்டதாக எண்ண வேண்டாம். பற்றுக்கு வட்டி கிடையாது என்று பெருமையாகச் சொல்வார்கள். வட்டி விலைக்குள்ளேயே இருக்கும். பற்றில் வாங்குகிறவர் ‘இது என்ன விலை?’ என்று கேட்க முடியாது. கேட்டால், ‘ரொக்கம் குடுக்கிற இடத்துல வாங்கிக்கோ’ என்ற பதில் தயாராக இருக்கும். தராசுத் தட்டின் அடியில் புளியை ஒட்டிவைத்த கதைகள் ஊருக்கு ஒன்று உண்டு. பழைய வீசையும் பலமும் சேரும் போய் 1958 முதல் படிப்படியாக மெட்ரிக் எடைகள் வந்த காலத்தில் குழப்பம் யாருக்கு லாபம் ஆகியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நாற்பது பலம் கொண்ட வீசை ஏறத்தாழ 1.4 கிலோ. அந்தக் கணக்கைத் தலைக்குள்ளே போட்டு விலை மாற்றிச் சொல்லக் கடைக்காரருக்குத் தெரியும். எதிரே நிற்கிறவருக்குத் தெரியாது.

இன்னொன்று, ஏழை வீடு எடை சொல்லி வாங்குவதில்லை, காசு சொல்லித்தான் வாங்குகிறது. ‘அஞ்சு ரூபாய்க்கு மல்லி, பத்து ரூபாய்க்கு எண்ணெய்.’ விலை ஏறினாலும் அஞ்சு ரூபாய் அஞ்சு ரூபாய்தான். பொட்டலம் மட்டும் சிறுத்துவிடும். கடைக்காரர் கை தானாகவே கொஞ்சம் குறைவாக அள்ளும். விலைவாசி உயர்வு கிராமத்தில் கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது இப்படித்தான். பெரிய பிஸ்கட் கம்பெனிகள் அதே அஞ்சு ரூபாய்ப் பாக்கெட்டில் பிஸ்கட்டைக் குறைக்கும் வித்தையைப் பின்னால்தான் செய்தன, நம் கடைக்காரர் முந்திவிட்டார். இதற்கு விலக்காகச் சொல்லத்தக்கது தீப்பெட்டி. ஐம்பது காசிலிருந்து ஒரு ரூபாய் ஆனது 2007-இல். அதற்குப் பிறகு 14 ஆண்டு அசையாமல் நின்று 2021 டிசம்பர் 1-இல்தான் இரண்டு ரூபாய் ஆனது. அந்த விலையைச் சிவகாசியில் கூடித் தீர்மானித்தார்கள், அதை ஒட்டிய கிராமத்துக் கடைக்காரர் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்டார்.

எடையையும் விலையையும்விடப் பெரிய குற்றம் ஒன்று உண்டு. எல்லாருக்கும் ஒரே கடை என்றாலும் எல்லாருக்கும் ஒரே இடம் இல்லை. ஒரு தெருக்காரர்கள் பலகை ஓரம் சாய்ந்து நின்று கதை பேசுவார்கள். இன்னொரு தெருக்காரர்கள் தள்ளி நின்று, காசைத் தரையிலோ பலகை நுனியிலோ வைத்துவிட்டு, பொட்டலம் வருகிறவரை காத்திருக்க வேண்டும். இது பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாங்குளத்தில், மிட்டாய் வாங்க வந்த பட்டியலினப் பிள்ளைகளிடம், ஊர்க் கட்டுப்பாடு வந்துவிட்டது, இனிமேல் உங்கள் தெருவுக்கு எந்தக் கடையிலும் தின்பண்டம் கிடையாது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று ஒரு கடைக்காரர் சொன்னார். அதை அவரே செல்போனில் படமும் எடுத்தார். ஒளிப்பதிவு நாடெங்கும் பரவியது, கைது நடந்தது, கடைக்குச் சீல் வைத்தார்கள். அந்த ஊர் நமக்கு எட்டாத தூரத்தில் இல்லை. ஒரு கிராமத்தின் மேல் ஒரு சாதியின் கட்டுப்பாட்டைச் செலுத்த முதலில் அடைக்கும் கதவு கடைக்கதவுதான் என்பதை அந்தப் படம் காட்டிவிட்டது. எல்லாருக்கும் தேவையான இடமாக இருப்பதுதான் கடையின் பலம், அதே பலத்தை ஆயுதமாக்கவும் முடியும்.

சனிக்கிழமை தவறிப்போன காலங்களில்தான் கடையின் கனம் தெரிந்தது. பட்டாசுக்கென்று ஒரு காலக்கணக்கு இருக்கிறது. தீபாவளி முடிந்ததும் ஆபீஸ் அடைப்பு, மழை பெய்தால் காயப்போட முடியாது, வேலை இல்லை. அந்த வாரங்களைக் கடைக்காரர் எதிர்பார்த்தே சரக்கெடுப்பார். எதிர்பாராதது 2018-இல் வந்தது. அக்டோபர் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை விதித்துப் பசுமைப் பட்டாசுக்கு மட்டும் வழிவிட்டது. ஆபீஸ்கள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2016 நவம்பர் 8 இரவில், ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றானபோது கையில் காசிருந்தும் செலவழிக்க முடியாத வாரங்கள். 2018-இல் காசே இல்லாத மாதங்கள். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு. மூன்றிலும் வங்கி செய்யாததைப் பற்று நோட்டு செய்தது. ஊரடங்கிலும் மளிகை அத்தியாவசியப் பட்டியலில் இருந்ததால் கடை திறந்தே இருந்தது. ஆனால் வாங்கியவர்கள் கையில் சம்பளம் இல்லை. அந்தப் பற்றுகளில் எவ்வளவு திரும்பி வந்தது என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

வெடிவிபத்தும் இந்த வட்டாரத்துக் கணக்கில் ஒரு பகுதி. அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12. வெம்பக்கோட்டையை ஒட்டிய ராமுத்தேவன்பட்டியில் 2024 பிப்ரவரி 17. அன்றைக்குப் பத்துப் பேர் இறந்தார்கள். அது ஒரு சனிக்கிழமை. இறந்துபோனவர் பேரில் இருக்கிற பற்றைத் துக்கம் கழிகிறவரை கேட்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். கழிந்த பிறகும் பலர் கேட்பதில்லை. இழப்பீட்டுப் பட்டியலில் எந்தக் கடைக்காரர் பெயரும் வராது, வர வேண்டும் என்று அவர்களும் எதிர்பார்க்கவில்லை.

இன்றைக்குச் சனிக்கிழமை மட்டும் போதவில்லை. ஒரே தெருவில் ஐந்து விதமான பணநாள்கள் உண்டு. பயர் ஆபீஸ் வீட்டுக்குச் சனிக்கிழமை. ஆலங்குளம் அரசு சிமென்ட் ஆலையில் 1970 முதல் வேலைபார்த்த குடும்பங்களுக்கு மாதச் சம்பளம். ‘நூறுநாள் வேலை’ என்று ஊர் அழைக்கும் அரசு ஊரக வேலைக்கான கூலி எந்த வாரம் வங்கியில் ஏறும் என்பது ஆண்டவனுக்கும் அதிகாரிக்கும் மட்டும் தெரியும். 2023 செப்டம்பர் 15-இல் ஆயிரம் ரூபாயாகத் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை, மாத நடுவில். திருப்பூருக்கோ சென்னைக்கோ போன பிள்ளை அனுப்பும் பணம் எந்நேரமும். ஒவ்வொரு வீட்டுக்கும் இதில் எது எப்போது என்று கடைக்காரர் மனதில் வைத்திருக்கிறார். இது தெரியாத கம்பெனிக்காரர்கள் ஊருக்குள் சூப்பர் மார்க்கெட் வைத்துப் பார்த்தார்கள். ரொக்கம் உள்ள வீடுகள் போயின. மற்றவர்கள் பழைய பலகைக்கே திரும்பினார்கள்.

கடைச் சரக்கும் மாறிவிட்டது. 2008-இல் ரேஷனில் கிலோ ஒரு ரூபாய்க்கு அரிசி, 2011 ஜூனிலிருந்து இலவசம். அரிசி மூட்டை அடுக்கியிருந்த மூலை காலியாகி அங்கே குளிர்சாதனப் பெட்டி வந்தது. வாசலில் சரம்சரமாகத் தொங்குவது ஷாம்பு பாக்கெட். இந்தியாவைச் சின்னப் பாக்கெட்டுக்குப் பழக்கியதில் கடலூர்க்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கிருந்து வந்த சி.கே.ரங்கநாதன் 1983-இல் தொடங்கிய நிறுவனத்தின் சிக் ஷாம்பு அதில் முக்கியமானது. பாட்டில் வாங்க முடியாத வீட்டுக்கு ஒரு குளியலுக்கு மட்டும் விற்பது என்பது, அஞ்சு ரூபாய்க்கு மல்லி விற்ற கடைக்காரரின் யோசனையைக் கம்பெனி எடுத்துக்கொண்டதுதான்.

கடைக்காரருக்கு இப்போது உண்மையான போட்டி பக்கத்துக் கடையிலிருந்து வரவில்லை. குழுக்கடன் கொடுப்பவர்களிடமிருந்து வருகிறது. தவணை நாளில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கட்டுகிறார்கள். ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்பதால் அந்தத் தவணையைத் தள்ள முடியாது. கடைக்காரரிடம் ‘அடுத்த வாரம் அண்ணாச்சி’ என்று சொல்லிவிடலாம். ஆகவே சம்பளம் வந்ததும் முதல் காசு குழுவுக்கு, அடுத்தது சீட்டுக்கு, மிச்சம்தான் கடைக்கு. கடன் வசூலில் அத்துமீறலைத் தடுக்கத் தமிழ்நாடு 2025-இல் சட்டமே இயற்ற வேண்டி வந்தது. வட்டியைப் பெயர் சொல்லி வாங்கியவர்கள் முன்னுக்கு வந்தார்கள், விலைக்குள் ஒளித்து வாங்கியவர் பின்னுக்குப் போனார். பலகையில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டையும், பணம் வந்ததை உரக்கச் சொல்லும் பெட்டியும் கடைக்காரருக்கு உதவிதான். ஆனால் அவை வந்த காசை மட்டுமே சொல்லும். வரவேண்டிய காசுக்கு இன்னும் அந்த நீள நோட்டுதான்.

அந்த நோட்டுகளைப் பற்றி ஒரு வேண்டுகோள். வைப்பாற்றங்கரையில் விஜயகரிசல்குளம் மேட்டில் 2022 மார்ச் முதல் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. சங்கு வளையல்களும் கண்ணாடி மணிகளும் சுடுமண் பொருள்களும் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் வருடத்துக்கு முன் இங்கே என்ன செய்து என்ன விற்றார்கள் என்பதை ஓரளவு சொல்லிவிடலாம் போலிருக்கிறது. அதே வெம்பக்கோட்டை வட்டாரத்தில் 1965-இல் ஒரு தெரு என்ன வாங்கியது என்று கேட்டால் பதில் இல்லை. தலைமுறை மாறும்போது பற்று நோட்டுகளைப் பழைய பேப்பர்க் கடையில் எடைக்குப் போட்டுவிடுகிறோம். சில கடைகளில் அவற்றையே கிழித்துப் பொட்டலமும் கட்டினார்கள். ஒரு நோட்டு கிடைத்தால் எவ்வளவோ தெரியும்: எந்த வருடம் கம்பு நின்று அரிசி வந்தது, தேயிலை எந்தத் தெருவுக்கு முதலில் போனது, சீமெண்ணெய் எப்போது குறைந்தது, தீப்பெட்டி ஆபீஸ் வந்த பிறகு வாரக் கணக்கு எந்த மாதம் தொடங்கியது.

கடை நடத்திய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் பரணில் பார்க்க வேண்டும். கிடைத்தால் தூக்கிக் கொடுத்துவிட வேண்டாம். பக்கம் பக்கமாகப் படம் எடுத்தாலே போதும். அதிலுள்ள வீட்டுப் பெயர்களை மறைத்துவிட்டு எடுக்க வேண்டும், ஏனென்றால் கடன்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இதே ஊரில் இருக்கிறார்கள். அடையாத பற்றுகள் உள்ள பக்கங்களையும் விடாமல் எடுக்க வேண்டும். அந்தப் பக்கங்களில் மழை பொய்த்த வருடங்கள் எவை என்று கேட்டு, வயதானவர்கள் இருக்கும்போதே ஓரத்தில் குறித்துவைத்துவிட்டால் நல்லது.